அத்தான் கைவைத்த ரெக்கார்டு பிளேயர்

இருபத்தெட்டு வருஷமாக அவளுக்குப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊரார் சளியையும் மலத்தையும் டப்பா டப்பாவாகத் திறந்து பார்ப்பாள். முகம் சுளித்து யாரும் கண்டதில்லை. அவளுக்கே குமட்டலை வரவழைக்கக்கூடிய ஒரே பிறவி அக்கா புருஷன்.

கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள், அக்கா வீட்டு மாடியில் குடியிருந்தாள். ஐம்பது வயதில் ஆசைப்பட்டு ஒரு பழைய ரெக்கார்டு பிளேயர் வாங்கினாள். ஒரு வாரம் ஒழுங்காகப் பாடியது. அவள் வேலைக்குப் போன ஒரு நாள், அத்தான் மாடியேறி எல்லாவற்றையும் 'ஒழுங்குபடுத்தி' வைத்தார். அன்றிலிருந்து பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஓயாத இரைச்சல், குடத்துக்குள் குளவி புகுந்த மாதிரி.

"ஊசி போச்சு" என்றார் அத்தான். புது ஊசி வாங்கிப் போட்டாள். இரைச்சல் அசையவில்லை.

"அப்ப பிளக்குதான்." பேசிக்கொண்டே அவளுடைய பேனா மூடியால் காதைக் குடைந்தார், முகர்ந்து பார்த்தார், பேனாவிலேயே திரும்ப மாட்டி வைத்தார்.

பேனாவைக் குப்பையில் போட்டுவிட்டு, ஞாயிறு காலை தானே உட்கார்ந்தாள். தட்டு சுழல்வதை நிறுத்தினாள்; இரைச்சல் நிற்கவில்லை. அப்படியானால் மோட்டார் இல்லை. ஊசிக் கையின் உலோகத்தைத் தொட்டாள்; இரைச்சல் பாதியாக அடங்கியது. விரலை எடுத்ததும் பழையபடி. இரைச்சல் அவள் உடம்பு வழியாகத் தரைக்கு இறங்குகிறது; எர்த் வயரில்தான் கோளாறு என்று புரிந்துபோயிற்று.

அலமாரியை இழுத்தாள். பிளேயரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகவேண்டிய பச்சை எர்த் வயர் விரற்கடை நீளத்தில் துண்டாக நின்றது. அதன் நுனியில் மென்று துப்பிய சூயிங்கம், பல் தடத்தோடு, முடி ஒட்டி.

அலமாரி இழுபட்ட சத்தம் கேட்டு மாடியேறி வந்தவரிடம், "அத்தான், இதை யாரு வெட்டினது?" என்றாள்.

"சும்மா தொங்கிச்சு. அசிங்கமா இருக்கேன்னு நறுக்கிவிட்டேன்."

"இந்தக் கண்றாவி?"

"ஷாக் அடிச்சிடக் கூடாதில்ல? டேப் கிடைக்கல."

பின்னால் வந்த அக்கா, "நல்லதுக்குத்தானே செஞ்சாரு, விடேன்டி" என்றாள். அதுதான் இவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. முப்பது வருஷமாக இதே பல்லவி.

கையுறை மாட்டி, இடுக்கியால் சூயிங்கத்தைப் பிய்த்தெறிந்தாள். வயரைச் சீவி, வேறொரு துண்டை முறுக்கிச் சேர்த்து, ஆம்ப்ளிஃபயர் முதுகிலிருந்த திருகில் இறுக்கினாள். இரைச்சல் துடைத்தெடுத்தாற்போல் நின்றது.

"நான் அப்பவே சொல்லல, சின்ன விஷயம்னு?" அத்தான் அவள் நாற்காலியில் சாய்ந்து, மேஜைமேல் காலை நீட்டினார். பாட்டு தொடங்கியதும் கூடவே விசிலடித்தார்.

அவள் ஊசியைத் தூக்கினாள்.

"கரண்டு போச்சா?"

"இல்ல. எழுந்து போங்க. இனிமே இந்தப் படி ஏறாதீங்க."

மறுநாள் பூட்டை மாற்றினாள். அக்கா பதினைந்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. போகட்டும் என்று இவள் இரண்டு இசைத்தட்டு வாங்கிக்கொண்டாள்.