எந்தக் கோயிலுங்க என்று கேட்டது

சேலம் அஸ்தம்பட்டியில் நாங்கள் கூடும் அறைக்குக் கீழே ஒரு பல் ஆஸ்பத்திரி இருக்கிறது. அதைவிட வசதியான இடம் எங்களுக்கு வாய்த்திருக்காது. செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு மாடியேறும் எட்டுப் பெண்களும் கேட்கிறவர்களிடம் பல் வைத்தியம் என்றுதான் சொல்லிவிட்டு வருகிறோம். வேர் சிகிச்சை, ஈறு வீக்கம், கேப் மாட்டுவது என்று ஆளுக்கொரு கதை. ஒருத்திக்கு இரண்டு வருடமாக ஒரே கடைவாய்ப் பல்லில் வைத்தியம் நடக்கிறது. அவள் வீட்டுக்காரர் அந்த டாக்டரைப் போகிற இடமெல்லாம் திட்டிக்கொண்டிருக்கிறாராம். பாவம், அந்த டாக்டர் எங்களில் ஒருத்தி வாயைக்கூடத் திறந்து பார்த்ததில்லை.

நாங்கள் குடித்தவர்கள். இரண்டு பேர் மாத்திரை, மற்றவர்கள் பிராந்தி. எங்கள் பக்கம் ஆண் குடித்தால் 'கொஞ்சம் போடுவாரு' என்று சொல்லிவிட்டு அவருக்கு முதல் இலை போடுவார்கள். பெண் குடித்தால் அதைச் சொல்வதற்கு ஒரு மரியாதையான வார்த்தை கிடையாது. அதனால் யாரும் சொல்வதில்லை, வேறு நோய் ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எனக்குக் கண்டுபிடித்தது கர்ப்பப்பை. என் வீட்டுக்காரருக்கு ரிக் வண்டித் தொழில். போர்வெல் போட வண்டி வடக்கே போனால் ஆறேழு மாதம் ஆளைப் பார்க்க முடியாது. மகள் ஹாஸ்டலில். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் அவ்வளவு பெரிய வீட்டில் நானும் டிவியும் மட்டும். வருகிறவர்களுக்கு என்று அலமாரியில் இருந்த பாட்டிலில் தூக்கத்துக்காக ஒரு மூடி குடித்தேன். கொஞ்ச நாளில் மூடி எதற்கு என்று ஆகிவிட்டது. கடைசியில் ஒரு நாள் சமையலறையில் விழுந்து கிடந்தேன், ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்திருந்தார்கள். சொந்தக்காரர்களுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொன்னார்கள். வீட்டுக்கு வந்தபிறகு ஆப்பிளும் சாத்துக்குடியுமாகப் பார்க்க வந்தார்கள். இல்லாத தையலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து காட்டினேன். என் நடிப்பு எனக்கே பிடித்திருந்தது, அசிங்கமாகவும் இருந்தது. அதன்பிறகுதான் இந்த மாடிக்கு வர ஆரம்பித்தேன். நான் சொல்லப்போகும் செவ்வாய்க்கிழமை வந்தபோது நான் பாட்டிலைத் தொட்டுப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

எங்களை நடத்துகிறவள் ஆத்தூர் பக்கத்துப் பெண். முப்பது வயதுகூட இருக்காது, ஆனால் நாங்கள் அவளை மேடம் என்றுதான் கூப்பிடுவோம். பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து, போன வாரம் எப்போது ஆசை வந்தது, வந்தபோது என்ன செய்தோம் என்று ஒவ்வொருத்தியாகச் சொல்ல வேண்டும். ஒருத்தி பேசும்போது இன்னொருத்தி புத்தி சொல்லக் கூடாது. எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது, புத்தி சொல்லியே பழகிய வாய். இன்னொரு விதி, யாரும் பெயர் சொல்லக் கூடாது, கேட்கக் கூடாது. அக்கா, தங்கச்சி, கண்ணு போதும். இங்கே பேசியது இங்கேயே இருக்க வேண்டும் என்று மேடம் ஒவ்வொரு வாரமும் சொல்லுவாள்.

பெயர் கேட்கக் கூடாது என்றதில் எங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எங்கள் ஆட்களுக்குப் பெயர் பெரிய விஷயமே கிடையாது. ஊரைக் கேட்போம், அடுத்தது எந்தக் கோயில் என்று கேட்போம். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கோயில் இருக்கிறது. ஊரும் கோயிலும் தெரிந்துவிட்டால் யார் மகன், எங்கே பெண் எடுத்தார்கள், எந்தக் காடு தோட்டம் யாருக்குப் பிரிந்தது என்று இரண்டு நிமிடத்தில் ஆளை முழுசாகக் கண்டுபிடித்துவிடுவோம். பெயரை மறைத்துவிட்டுக் கோயிலைச் சொல்வது, முகத்தை மூடிக்கொண்டு ஆதார் அட்டையை நீட்டுவது மாதிரி. ஆத்தூர்க்காரிக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் நான் யோசிக்கவில்லை.

அந்தப் பெண் பங்குனியில் வந்து சேர்ந்தாள். இருபத்தெட்டு வயது இருக்கும். கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு, கிளம்பத் தயாராக இருப்பவள் போலவே உட்கார்ந்திருப்பாள். மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசவில்லை. மேடமும் வற்புறுத்தவில்லை. நான்காவது வாரம், யாரும் கேட்காமலே, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

வீட்டுக்காரர் வாங்கி வைப்பதில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீர் கலந்து வைத்துவிடுவாளாம். பிறகு அவளே ஆள்விட்டு வாங்க ஆரம்பித்திருக்கிறாள். ஒரு நாள் மத்தியானம் குடித்திருந்தபோது இரண்டு வயது மகளைக் குளிக்க வைத்திருக்கிறாள். அண்டாவில் கொதித்த தண்ணீரை மொண்டாள், பச்சைத் தண்ணீர் கலந்துவிட்டதாக நினைத்தாள், கலக்கவில்லை. குழந்தைக்குத் தோளிலிருந்து முழங்கை வரைக்கும் வெந்துவிட்டது.

"அதுவே இழுத்து ஊத்திக்கிச்சுன்னு சொல்லிப்போட்டேனுங்க. எல்லாரும் அதையத்தான் வஞ்சாங்க. அதுக்கு இன்னும் பேச்சு வர்லீங்க" என்றாள்.

வீட்டில் தெரிந்தால் அவளை அப்பன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொள்வார்கள் என்றும் சொன்னாள். அந்த பயத்தில்தான் ரகசியமாக ஒரு டாக்டரைப் பார்த்து, அவர் சொல்லி இங்கே வந்திருக்கிறாள். பயத்தில் வந்தாலும், அந்த நான்கு வாரமாக அவள் குடிக்கவில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் தலையை நிமிர்த்தினாள். எங்கள் எட்டுப் பேரில் நான்காவது வாரத்தில் அவ்வளவு சுத்தமாக இருந்தவர்கள் யாரும் இல்லை, நான் உள்பட.

முடிந்து படி இறங்கும்போது அவள் அழுதுகொண்டிருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டேன். என் மகள்மேல் வராத பாசம் எல்லாம் அவள்மேல் வந்தது. எங்கள் ஊரில் பாசம் வந்தால் என்ன செய்வோமோ அதைச் செய்தேன்.

"அழுவாத சாமி. எந்தூரு உனக்கு?"

ஊரைச் சொன்னாள்.

"எந்தக் கோயிலுங்க கண்ணு?"

அவளும் எங்கள் ஆள்தானே. இந்தக் கேள்வி வந்தால் பதிலும் தானாக வந்துவிடும். புருஷன் வீட்டுக் கோயிலைச் சொன்னாள். அது என் அப்பன் வீட்டுக் கோயில். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அப்படியானால் அவள் வீட்டுக்காரன் எனக்குப் பங்காளி வகையில் தம்பி. அந்த ஊரில் எங்கள் வகையறா மூன்றே வீடு. எந்த வீடு என்று நானே சொன்னேன். அவள் மாமியார் எனக்குச் சின்னம்மா முறை என்று சொன்னேன், அவள் வீட்டுக்காரன் காதுகுத்துக்கு நான் வந்திருந்தேன் என்று சொன்னேன், மொட்டைத் தலையோடு அவன் அழுத அழுகையைச் சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்தேன். நீ நம்ம வீட்டுப் பிள்ளை, இனி நான் இருக்கிறேன் என்றேன்.

அவள் கையை இழுக்கவில்லை. என் பிடியில் வெறுமனே விட்டு வைத்திருந்தாள். "ஆமாங்க" என்று இரண்டு முறை சொன்னாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போனாள். எனக்கு அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை. சொந்தம் கிடைத்த சந்தோஷத்தில் டீக்கடையில் நின்று டீ குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

அடுத்த செவ்வாய் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மேடம் போன் செய்தால் எடுக்கவில்லை, பிறகு அந்த எண்ணே வேலை செய்யவில்லை. மூன்றாவது வாரம் வட்டத்தில் என் முறை வந்தபோது, நான்தான் கேட்டேன் என்று சொல்லிவிட்டேன். மேடத்துக்கு முதலில் புரியவில்லை. "பேரைக் கேட்டீங்களா அக்கா?" என்றாள். இல்லை, கோயிலைக் கேட்டேன் என்றேன். கோயிலைக் கேட்டால் என்ன என்று அவள் விழித்தாள். வட்டத்தில் இருந்த மற்ற யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. கடைவாய்ப் பல்காரி மட்டும், நானும் அவளிடம் கேட்க இருந்தேன், நீ முந்திக்கொண்டாய் என்றாள். அது ஆறுதல் இல்லை.

எனக்கு என்மேல் வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. குடித்த காலத்தில்கூட நான் அடுத்தவள் வாழ்க்கையில் கை வைத்ததில்லை. தெளிந்த புத்தியோடு, பாசத்தோடு, ஒரு பெண்ணைத் துரத்திவிட்டேன்.

வைகாசியில் அந்தக் கோயிலில் பங்காளிகள் சேர்ந்து கிடா வெட்டினார்கள். குலத்தில் பிறந்த பெண்கள் என்று எங்களையும் அழைப்பார்கள். 'ஆபரேஷனு'க்குப் பிறகு நான் எந்த விசேஷத்துக்கும் போனதில்லை. அவள் இருப்பாள் என்பதற்காகவே போனேன். அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் போகும்போதே தயார் செய்துகொண்டேன்.

பந்தியில் அவள் மாமியாரே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷி. என் வயிறு எப்படி இருக்கிறது, இப்போது கனம் தூக்கலாமா என்று கேட்டார். பேச்சோடு பேச்சாக மருமகளைப் பற்றிச் சொன்னார். பல் வலிக்கு சேலத்துக்குப் போய்க்கொண்டிருந்தாளாம், திடீரென்று சரியாகிவிட்டது என்று நிறுத்திவிட்டாளாம்.

"எங்க சரியாச்சு? எந்நேரமும் கெராம்பு வாயில போட்டு மென்னுக்கிட்டே இருக்கறா. வலியில்லாட்டி எதுக்கு சாமி மெல்லோணும்?" என்றார்.

இலையில் கறி இருந்தது. அதற்குமேல் என்னால் சாப்பிட முடியவில்லை. கிராம்பை எதற்கு மெல்லுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? என் முந்தானை முடிச்சில் வருடக்கணக்கில் கிராம்பு இருந்தது. ஏலக்காயைவிடக் கிராம்புதான் வாடையை நன்றாக மறைக்கும்.

கோயிலுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயில் அந்தப் பெண் மகளுக்குக் கை கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். அந்த வெயிலில் குழந்தைக்கு முழுக்கைச் சட்டை. என்னைப் பார்த்ததும் எழுந்து, யாராவது கவனிக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தாள்.

நான் தயார் செய்து வந்ததைச் சொன்னேன். என் ஊரைச் சொன்னேன், புருஷன் வீட்டுக் கோயிலைச் சொன்னேன், எங்கள் ரிக் வண்டியில் எழுதியிருக்கும் பெயரைச் சொன்னேன். எனக்கு ஆபரேஷன் எதுவும் நடக்கவில்லை, அது குடிக்கு வைத்தியம், வீட்டுக்காரரையும் மகளையும் தவிர யாருக்கும் தெரியாது என்றேன். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம், இது வெளியே வந்தால் ஒருத்தனும் வீட்டுப் படி ஏற மாட்டான் என்றேன். உன் குடுமி என் கையில் என்றால் என் குடுமியும் இனி உன் கையில், பயப்படாமல் வா என்றேன். இதைச் சொன்னால் கணக்கு நேராகிவிடும் என்று நம்பித்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவள் குழந்தையின் கையை முந்தானையில் துடைத்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"வெளிய தெரிஞ்சா உங்களுக்கு மானம் போவுமுங்க. எனக்குப் புள்ளைங்க போயிருமுங்க. ரெண்டும் ஒண்ணுங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் மாமியார் குழாயடிக்கு வந்துவிட்டார். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவள முன்னயே தெரியுமா கண்ணு உனக்கு?"

சேலத்தில் பல் ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றால் அந்த நல்ல மனுஷி சந்தோஷமாக அனுப்பியிருப்பார். நாக்கு நுனி வரை வந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இல்லீங்க சின்னம்மா. இப்பத்தான் பாக்கறேன்" என்றேன்.

அவள் மூச்சு விட்டாள். நான்கு வாரம் வட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது அந்த முகத்தில் ஒரு நாளும் பார்க்காத நிம்மதி அது. இந்தப் பாவியால் அவளுக்குக் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மாமியாருக்குப் பின்னால் நடந்தாள். என்னைத் தாண்டிப் போகும்போது கிராம்பு வாசம் அடித்தது, அதற்கு அடியில் பிராந்தி வாடையும் அடித்தது. அந்தக் கூட்டத்தில் அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒரே ஆள், அவளைத் தெரியாது என்று சொல்லிவிட்டு நின்றேன்.