ஏழு துறைமுகம், மூன்றாம் பாகம்

1985 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உர்சுலா பூசை முடிந்து ஆங் மோ கியோவுக்குத் திரும்பியபோது, அவளுடைய அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஜமால் முகம்மது நின்றுகொண்டிருந்தார். சிராங்கூன் சாலையில் துணிக்கடை வைத்திருப்பவர். ஏழு வருடப் பழக்கத்தில் அவர் அவள் வீட்டுக்கு வந்ததே இல்லை. கையில் ஒரு கடித உறை இருந்தது.

"மேல வாங்க பாய், டீ போடுறேன்."

"டீ வேணாம்க்கா. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடுறேன். என் நகுதா எப்படிச் செத்தாரு?"

நகுதா என்பது அவர் ஆடிய பாத்திரம், ஒரு கப்பல் தலைவர். ஆடிய இடம், தபால் விளையாட்டு ஒன்றில் உர்சுலா உண்டாக்கிய கடல்.

செசில் ஸ்திரீட்டில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் உர்சுலா தட்டச்சு வேலை பார்த்தாள். 1978இல் அங்கே வந்து போன ஒரு மாலுமி மேசையில் மறந்துவிட்டுப் போன சிறு ஆங்கிலப் புத்தகத்தில் அந்த மாதிரி விளையாட்டு ஒன்று இருந்தது. ஆளுக்கொரு பாத்திரம். அந்தப் பாத்திரம் என்ன செய்யப்போகிறது என்று நடுவருக்குத் தபாலில் எழுதவேண்டும். நடுவர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, பகடை உருட்டி, என்ன நடந்தது என்று திருப்பி எழுதுவார். பயணம் போன்ற பெரிய காரியம் எழுதிய சுற்றுக்கு அடுத்த சுற்றில்தான் நடக்கும்; காவலும் தடுப்பும் உடனே நடக்கும். அந்த முறையை மட்டும் எடுத்துக்கொண்டு உர்சுலா தமிழில் சொந்தமாக ஒன்றைக் கட்டினாள். 'ஏழு துறைமுகம்' என்று பேர் வைத்தாள். கோயில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள், ஜமால் கடையில் ஒரு தாள் ஒட்டினாள். ஆறு மாதத்தில் பதினான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள். நர்சு, பஸ் ஓட்டுநர், பள்ளி ஆசிரியை, துறைமுகக் கிளார்க்கு என்று பலர். பாதிப் பேர் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

முதல் பாகம் இரண்டு வருடம் ஓடியது. இரண்டாம் பாகம் மூன்று வருடம். அவற்றில் செத்தவர்கள் அடுத்த சுற்றிலேயே எழுந்து வந்தார்கள். யாரோ ஒரு வைத்தியர் காப்பாற்றிவிடுவார். எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். உர்சுலாவுக்குத்தான் அலுத்துப்போனது. எதையும் இழக்காதவர்களுக்கு எழுதிக்கொண்டே இருப்பதில் என்ன இருக்கிறது? 1984இல் மூன்றாம் பாகம் தொடங்கியபோது இரண்டு புது விதி போட்டாள். செத்தவர் திரும்பமாட்டார். ஒருவரை ஒருவர் ஒற்றுப் பார்க்கலாம்.

அன்றிலிருந்தே சண்டைதான். இது நம்ம விளையாட்டே இல்லை என்று ஐந்தாறு பேர் எழுதினார்கள். இப்போதுதான் விளையாட்டாக இருக்கிறது என்று வேறு சிலர் எழுதினார்கள். அதற்குள் அவளுடைய தமிழ்த் தட்டச்சு இயந்திரமும் பழுதாகி, உதிரிப் பாகம் கிடைக்காமல் மூலையில் கிடந்தது. முடிவுகளைக் கையால் எழுதி அனுப்பினாள். கையெழுத்து சரியில்லை என்று அதற்கும் புகார் வந்தது.

இப்போது ஜமால் உறையைப் பிரித்து அவள் எழுதியதையே அவளிடம் நீட்டினார்.

"வடக்குப் பக்கமா, தண்ணி வத்துற நேரத்துல போறேன்னு யார்கிட்டயும் சொல்லலை. என் வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது. ராணி சரியா அந்த இடத்துல, தீ வச்சு மோதவிடுற எரிபடகோட நிக்கிறாங்க. நான் எழுதுனதப் பாத்தது நீங்க ஒருத்தர்தான்க்கா."

ராணி பாத்திரத்தை ஆடியவள் கமலா, ஃபேரர் பார்க் பக்கம் குடியிருந்த தமிழாசிரியை.

"நான் சொல்லிட்டேன்னு நினைக்கிறீங்களா?"

ஜமால் தாளில் ஒரு வரியை விரலால் காட்டினார். "இன்னொண்ணு. நான் அனுப்புனது நாலு கப்பல். மூணு எரிஞ்சுதுன்னு எழுதியிருக்கீங்க. நாலாவது எங்க போச்சு?"

"அது கைத்தவறு பாய்."

"ஏழு வருஷம் அந்த ஆளா இருந்திருக்கேன்," என்று சொல்லிவிட்டு அவர் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

அடுத்த வாரத்தில் மூன்று கடிதங்கள் வந்தன. ஒன்றில் கையெழுத்தே இல்லை. 'நடுவருக்கும் ராணிக்கும் என்ன உறவு?' என்று ஒரே வரி. உர்சுலா அதைப் பலமுறை படித்தாள். யார் எழுத்து என்று பழைய கடிதங்களை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தாள். பஸ் ஓட்டுநர் எழுத்து மாதிரியும் இருந்தது, நர்சு எழுத்து மாதிரியும் இருந்தது. யார் என்று தெரியாமல் அவர்கள் இருவர் மீதும் கோபப்பட்டாள்.

தான் யாரிடமும் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் கமலாவுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் வீட்டுக்குள்தான் ஓட்டை. கடிதங்கள் எல்லாம் கூடத்து மேசை இழுப்பறையில்தான் இருக்கும். பூட்டு கிடையாது. அவள் வேலைக்குப் போனபின் வீட்டில் இருப்பது ஒரே ஆள்தான்.

அவள் கணவர் லாசரஸ் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர். இரவு ஷிப்டு வரும் வாரங்களில் பகலெல்லாம் வீட்டில்தான் இருப்பார். விளையாட்டைப் பற்றி அவர் கேட்டதும் இல்லை, கேலி செய்ததும் இல்லை. அதுவரை அதை நல்ல குணம் என்று நினைத்திருந்தாள். இப்போது அதுவே உறுத்தியது. பதினோரு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிற மனிதர் ஒருமுறைகூட 'என்னதான் எழுதுற' என்று கேட்கமாட்டாரா? கமலாவின் அண்ணனும் அதே பட்டறையில்தான் வேலை என்பதும் நினைவுக்கு வந்தது.

"கமலாவோட அண்ணன்கிட்ட பேசுவீங்களா?" என்று ஒருநாள் சோறு போடும்போது சாதாரணமாகக் கேட்டாள்.

"காண்டீன்ல பாத்தா பேசுவேன். ஏன்?"

"என்ன பேசுவீங்க?"

"ஓவர்டைம். பந்து. வேற என்ன பேசுறது?" லாசரஸ் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சாப்பிட்டார். அந்தப் பார்வைக்கும் ஒரு அர்த்தம் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் ஒரு பொறி வைத்தாள். பஸ் ஓட்டுநர் எழுதியதுபோல ஒரு கடிதத்தைத் தானே எழுதினாள். கிழக்குத் துறைமுகத்தில் பொன் புதைத்திருப்பதாக அதில் இருந்தது. மற்றக் கடிதங்களோடு சேர்த்து இழுப்பறையில் வைத்தாள். கமலாவின் அடுத்த கடிதத்தில் கிழக்குத் துறைமுகம் என்ற பேச்சு வந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

கமலாவின் கடிதம் பத்து நாளில் வந்தது. கிழக்கு என்ற சொல்லே அதில் இல்லை. ஆனால் நர்சு யாருக்கும் தெரியாமல் செய்யப்போன ஒரு காரியத்துக்கு ராணி முன்கூட்டியே காவல் போட்டிருந்தாள். உர்சுலாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

மறுநாள் மாலை வேலை முடிந்து வந்தபோது, பொறிக் கடிதம் இழுப்பறையில் இல்லை. மேசை நடுவில் கிடந்தது. லாசரஸ் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"பி.யூ.பி. கரண்டு பில்லு தேடுனேன்," என்றார். "இது உன் எழுத்து. கீழ வேற ஆள் பேர் இருக்கு. எதுக்கு?"

பொய் சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. "யாரோ எடுத்துப் படிச்சுச் சொல்றாங்க. யாருன்னு பாக்க வச்சேன்."

"வீட்ல நான்தான இருக்கேன்."

அவள் அந்தக் கடிதத்தை எடுத்து மடித்தாள். லாசரஸ் எழுந்து, பை எடுத்துக்கொண்டு, ஷிப்டுக்கு நேரம் இருந்தும் கிளம்பிவிட்டார். கதவை மெதுவாகத்தான் சாத்தினார்.

பில்லு தேடியது உண்மையாகவே இருக்கும் என்று அவளுக்கு உள்ளே தெரிந்தது. ஆனாலும் இழுப்பறையைத் திறந்து பில்லு அங்கே இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. அப்படிப் பார்த்ததற்காகத் தன்மீதே அருவருப்பு வந்தது.

சனிக்கிழமை காலை அந்த மேசையில் உட்கார்ந்து முதலிலிருந்து எல்லாவற்றையும் பரப்பிப் பார்த்தாள். கமலா நகுதாவை எதிர்த்து எழுதிய கடிதத்தை எடுத்தாள். 'மூன்று கப்பலுக்கு மூன்று எரிபடகு' என்று இருந்தது. ஜமாலின் கடிதத்தை எடுத்தாள். 'நாலு கப்பல்' என்று தெளிவாக இருந்தது.

ஜமாலின் கடிதத்தைப் படித்தவர் நான்கு என்றல்லவா எழுதியிருப்பார்? மூன்று என்பது உர்சுலாவின் தவறு. ஒவ்வொரு சுற்றிலும் எல்லோருடைய திட்டங்களையும் ஒரே தாளில் சுருக்கமாக எழுதிவைத்துப் பார்த்துவிட்டு, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவாள். அதில்தான் 'வ. பக்கம், 3 கப்பல்' என்று எழுதியிருந்தாள். அந்தத் தாள் இழுப்பறைக்குப் போனதே இல்லை. அன்றன்றே குப்பைக் குழாயில் போய்விடும்.

குறிப்பும் அறிக்கையும் எழுதும், தாள்கள் அடுக்கிய எழுது அட்டையை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள். மேலே இருந்த வெற்றுத் தாளில் கோடு கோடாகப் பள்ளம் விழுந்திருந்தது. அவள் பேனாவை அழுத்தி எழுதுகிறவள். முந்தின நாள் எழுதிக் கிழித்த இந்தச் சுற்றின் குறிப்பு முழுதும் அந்தத் தாளில் பதிந்திருந்தது, நர்சின் பெயர் உட்பட. சுருக்கத்தைக் கிழித்தபின் அடுத்த தாளில் அவள் முதலில் எழுதுவது எப்போதும் ராணிக்குத்தான்.

அன்றைக்கே ஃபேரர் பார்க்குக்குப் பஸ் ஏறினாள். கமலா கதவைத் திறந்து, அவள் கையில் இருந்த எழுது அட்டையைப் பார்த்ததும் சிரித்தாள்.

"கண்டுபிடிச்சிட்டீங்களாக்கா? பென்சில மெதுவா தேச்சா எழும்பி வருது. எங்க ஸ்கூல் பிள்ளைங்க காசுமேல பேப்பர் வச்சுத் தேய்ப்பாங்களே, அப்படித்தான்."

"எப்போலேருந்து?"

"ஏப்ரல்."

"இது ஏமாத்து வேலை கமலா."

"ஒற்றுப் பாக்கலாம்னு ரூல் போட்டது யாரு?"

"அது விளையாட்டுக்குள்ள."

"கடுதாசிலதான முழு விளையாட்டும் நடக்குது? கடுதாசிக்கு வெளிய எங்கக்கா விளையாட்டு இருக்கு?" கமலா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "நெசத்தச் சொல்லவா? நீங்க வேணும்னுதான் அழுத்தி எழுதுறீங்கன்னு நினைச்சேன். கூர்மையான ஆளுக்கு ஒரு வழி வச்சிருக்கீங்கன்னு."

அது உண்மையா, பிடிபட்டபின் யோசித்ததா என்று உர்சுலாவால் சொல்ல முடியவில்லை. கமலாவின் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். பாடம் நடத்துகிறவளின் அமைதிதான் அதில் இருந்தது.

அடுத்த அறிக்கையில் உர்சுலா நடந்ததை ஒளிக்காமல் எழுதினாள். தவறு தன்னுடையது என்றும் எழுதினாள். கணவரைச் சந்தேகப்பட்டதை மட்டும் எழுதவில்லை. நகுதாவை உயிர்ப்பிக்கலாமா என்று எல்லோரையும் கேட்டாள்.

பதில்களில் தீயே இருந்தது. ராணியை வெளியே அனுப்பு என்று ஐந்து பேர். கமலா செய்தது கெட்டிக்காரத்தனம், வாழ்க என்று நான்கு பேர். இரண்டாம் பாகத்தோடு நிறுத்தியிருக்கவேண்டும் என்று இரண்டு பேர். நர்சு பதிலே போடவில்லை. ஜமால் மட்டும் யாரும் எதிர்பாராததை எழுதினார். 'விதிப்படி செத்தவர் செத்தவர்தான். அவரை எழுப்பவேண்டாம். நான் விலகிக்கொள்கிறேன்.'

ஜமாலோடு ஐந்து பேர் போய், முதல் பாகத்து விதிகளோடு தனியாக ஒன்று தொடங்கினார்கள். மீதிப் பேர் உர்சுலாவிடம் இருந்தார்கள், கமலாவும்தான். ஆனால் அது பழையபடி ஓடவில்லை. சிலர் உறையின் நான்கு ஓரத்திலும் பசைத்தாள் ஒட்டி அனுப்பினார்கள். ஒருவர் தன் திட்டத்தை நேரில் வந்து காதில்தான் சொல்வேன் என்றார். கமலா தோற்றால் நடுவர் பழிவாங்குகிறார் என்றார்கள், ஜெயித்தால் மறுபடியும் தேய்க்கிறாள் என்றார்கள். 1987 மார்ச்சில் உர்சுலா கடைசி அறிக்கையை அனுப்பி முடித்துக்கொண்டாள்.

வீட்டில் அது அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை. லாசரஸிடம் அவள் மன்னிப்புக் கேட்டாள். "சரி, விடு," என்றார். ஆனால் அதற்குப் பிறகு வெகுநாள் அந்த இழுப்பறையில் ஒரு குண்டூசி வேண்டுமென்றாலும், "திறக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கை வைத்தார். குத்திக்காட்டுகிறாரா, உண்மையாகவே கேட்கிறாரா என்று அவளுக்கு விளங்கவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

1988 பிப்ரவரியில் ஜமாலிடமிருந்து கடிதம் வந்தது. தன் ஆட்டத்தில் ஒரு படகுக்காரியின் இடம் காலியாக இருப்பதாகவும், விருப்பம் இருந்தால் சேரலாம் என்றும் எழுதியிருந்தார். பழையதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டு நாள் யோசித்தாள். அவர் ஏதாவது கணக்குத் தீர்க்கத்தான் கூப்பிடுகிறாரோ என்றும் தோன்றியது. ஆனால் பத்து வருடத்தில் நடுவராக மட்டுமே இருந்தவளுக்கு, ஒருமுறையாவது ஆடிப் பார்க்கவேண்டும் என்ற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

முதல் சுற்றுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினாள். விடியற்காலை பட்டறை பஸ்ஸுக்குக் கிளம்பிய லாசரஸிடம் உறையைக் கொடுத்தாள்.

"போற வழில போட்டுடுறீங்களா?"

அவர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். உறையின் வாய் திறந்திருந்தது.

"ஒட்டிக் குடு லா," என்றார்.

"பரவால்ல, நீங்கதான."

"ஒட்டிக் குடு."

உர்சுலா உறையை வாங்கி, நாக்கால் நனைத்து ஒட்டி, விரலால் அழுத்தித் தேய்த்துக் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மின்தூக்கியை நோக்கி நடந்தார்.