ஒரு நாளைக்கான டயர்

கட்டைவிரல் நகத்தை டயரின் கோட்டுக்குள் விட்டுப் பார்த்தாள் மருதாத்தாள். நகம் பாதிகூட இறங்கவில்லை.

“இது வேண்டாங்ணா. வேற எடுங்க.”

செங்கோட்டையன் டயரைச் சுவரில் சாய்த்தார். கொழிஞ்சாம்பாறையில் பொள்ளாச்சி ரோட்டின்மேல் அவர் கடை. லாரிக்காரர்களும் டிராக்டர்காரர்களும் வருவார்கள். நகத்தால் டயரை அளக்கிற பெண்ணை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

“அம்மிணி, முன்னாடிச் சக்கரத்துக்கு இதைத்தான் போடறது. கோடு கோடா இருக்குதல்ல, நேராப் போவும். ரோட்டுல சத்தமே கேக்காது.”

“சேத்துல?”

“சேத்துல என்னத்துக்குங்க ஓட்டறீங்க?”

அவள் வாசல் பக்கம் திரும்பினாள். வாசலில் அவள் புருஷன் கருப்புசாமி வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கோயமுத்தூர் ஏலத்தில் எடுத்த பழைய புல்லட். இடப்பக்கம் ஒருவர் உட்கார்கிற தகரத் தொட்டி, அதற்குத் தனியாக ஒரு சக்கரம். ஊரில் தொட்டி வண்டி என்றால் அதுதான். பின்சக்கரத்தில் பட்டன் டயர் புதிதாக இருந்தது. முன்டயர் வழுக்கைத் தலைபோல் தேய்ந்து கிடந்தது.

“ஏனுங் கருப்புசாமி, டயரு உங்களுக்கா, அம்மிணிக்கா?”

“அவளையே கேளுங்ணா. நான் ஓட்டறவன்தான்.”

கடையில் நின்ற லாரிக்காரன் சிரித்தான். மருதாத்தாள் உள்ளே போய், தொங்கிக்கொண்டிருந்த ஒரு பட்டன் டயரைத் தட்டினாள். கட்டை கட்டையாகத் துருத்திக்கொண்டிருந்த ரப்பர். இடையில் ஒரு விரல் முழுதாக இறங்கியது.

“இது பின்னாடிக்குப் போடறதுங்க.”

“முன்னாடி ஏறாதா?”

“ஏறும். ரெண்டும் ஒரே அளவுதான். ஆனா ரோட்டுல உறுமும், திருப்பறதுக்குக் கை கடுக்கும். தொட்டி வேற ஒரு பக்கமா இழுக்கும். ஆறு மாசத்துல தேஞ்சு போயிரும், அப்பறம் வந்து என்னையத் திட்டுவீங்க.”

“சேத்துல வழுக்குமா?”

“அதுல வழுக்காது. கோடு டயருன்னா சேறு அப்பிக்கிட்டுச் சறுக்கும். இது கடிச்சுக்கும்.”

“ஒரு நாளைக்கு வந்தாப் போதுமுங்ணா. மாட்டுங்க.”

செங்கோட்டையன் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

எலப்புள்ளியில் பிறந்தவள் மருதாத்தாள். கல்யாணமாகி வந்த வருஷம் மாமனார் பொங்கியண்ணன் உயிரோடிருந்தார். அவர் காடு முழுக்கக் கரிசல் நிலம். ஒரு மழை பெய்தால் ரோட்டிலிருந்து வீட்டுக்கு வரும் தடத்தில் மாட்டுவண்டி இறங்கிவிடும். அந்தக் கோடை முழுக்க மாமனார் வேலந்தாவளத்துக் கரட்டிலிருந்து தடத்துக்குச் சரளை அடித்தார். மூத்த மகன் சென்னிமலை ஒரு வண்டி, இளையவன் கருப்புசாமி ஒரு வண்டி. புதுப்பெண் கூடையில் சுமந்து கொட்டினாள். அவள் அவசரப்படுவதைப் பார்த்துச் சென்னிமலை ஒருநாள் சொன்னார்: “மெல்லக் கொட்டு புள்ள. கல்லு எங்கியும் ஓடிப்போயிராது.”

மாமனார் போன பிறகு பாகம் பிரித்தார்கள். ரோட்டை ஒட்டிய காடு மூத்தவருக்கு, உள்காடு இளையவனுக்கு. கிணற்றுத் தண்ணீர் முறையில் தகராறு வந்தது. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பது நின்றது. சென்னிமலை தன் காட்டுக்குள் போன தடத்தின்மேல் குளத்து வண்டல் அடித்துப் பரப்பினார். வரப்புக் கட்டித் தண்ணீர் விட்டார். நெல் நாற்று நட்டார்.

“தடமா? இது வயலு. நடக்கறதுக்கு வரப்பு இருக்குதல்ல?” என்றார்.

எழுபத்தொன்று ஆடியில் மருதாத்தாளுக்கு வலி கண்டது. சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகக் கருப்புசாமி வண்டி பூட்டினான். வேறு வழி கிடையாது. பாதியில் சக்கரம் அச்சுவரை இறங்கியது. மாடுகள் மண்டி போட்டன. கருப்புசாமி சக்கரத்தில் தோள் கொடுத்துக் கத்தினான். சென்னிமலை வரப்பில் நின்றிருந்தார்.

“வயல்ல வண்டிய உட்டா எறங்கத்தான் செய்யும்.”

குழந்தை வண்டியிலேயே பிறந்தது. பெண். அழவில்லை. வைக்கோல்மேல் படுத்திருந்த மருதாத்தாளுக்கு வண்டியின் பக்கவாட்டுக் கம்புகளுக்கு இடையே இரண்டு பாதங்கள் தெரிந்தன. காய்ந்த பாதங்கள். ஒரு துளி சேறு இல்லை. அவர் முகத்தைக்கூட மறந்துபோவாள், அந்தப் பாதங்களை மறக்கமாட்டாள். அடுப்பு மூட்டும்போது, மாட்டுக்குத் தீனி வைக்கும்போது, கருப்புசாமி பக்கத்தில் தூங்கும்போது, அந்தப் பாதங்களை எப்படிச் சேற்றில் இறக்குவது என்று யோசித்தாள். மூன்று வருஷம் வேறெதையும் அவ்வளவு யோசித்ததில்லை.

கேஸ் போட வைத்தவள் அவள்தான். கோர்ட்டிலிருந்து தடத்தைப் பார்க்க ஒரு வக்கீலைக் கமிஷனாக அனுப்பினார்கள். முந்தின நாளே சென்னிமலை மோட்டார் போட்டு மடையைத் திறந்துவிட்டார். வந்தவர் முழங்கால் சேற்றையும் நாற்றையும் பார்த்தார். சென்னிமலை வெட்டிக் கொடுத்த இளநீரைக் குடித்தார். வண்டி போகிற வழியாகத் தெரியவில்லை என்று எழுதிக்கொண்டு போனார். இவர்கள் வக்கீல் வாதாடி இன்னொரு கமிஷன் வாங்கினார். அவர் வருவது வெள்ளிக்கிழமை.

மண்டி போட்ட மாடுகளை மருதாத்தாள் பொள்ளாச்சிச் சந்தையில் விற்கச் சொன்னாள். அந்தப் பணத்தில் வந்ததுதான் தொட்டி வண்டி.

“எஞ்சினு மண்டி போடாது” என்றாள். கருப்புசாமிக்கு அப்போது விளங்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் எதிர்பார்த்தபடி மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தடம் முழுக்கத் தண்ணீர் நின்றது. கருப்புசாமி வண்டியை ரோட்டிலிருந்து திருப்பித் தடத்தின் வாயில் நிறுத்தினான். மருதாத்தாள் தொட்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

“நீ எறங்கிக்க மருதா. நான் போயிட்டு வர்றேன்.”

“காலித் தொட்டின்னாத் தூக்கி அடிக்கும். ஓட்டுங்க.”

முன்சக்கரம் இறங்கியது. தொட்டி இடப்பக்கம் இழுத்தது. கருப்புசாமி இரண்டு கையாலும் கைப்பிடியை வலப்பக்கம் முறுக்கிப் பிடித்தான். சறுக்கும் என்று அவன் பல்லைக் கடித்த இடத்தில் டயர் கடித்து நின்றது. வழி விலகவில்லை. பின்சக்கரம் சுழன்று கறுப்புச் சேற்றை வாரி வீசியது. நாற்றுகள் வேரோடு பறந்தன.

சத்தம் கேட்டுச் சென்னிமலை வரப்பின்மேல் ஓடிவந்தார்.

“டேய் கருப்பா! நாத்து மேல ஏத்தாதடா! கண்ணு அவிஞ்சு போச்சா?”

“நிறுத்தாதீங்க” என்றாள் மருதாத்தாள்.

பாதி தூரத்தில், மூன்று வருஷத்துக்கு முன் மாட்டுவண்டி நின்ற இடத்தில், பின்சக்கரத்துக்கு அடியில் கரகரவென்று கேட்டது. ஏதோ ஒன்று தொட்டியின் தகரத்தில் ‘டங்’கென்று அடித்தது. மருதாத்தாள் குனிந்து அதை எடுத்து முந்தானையில் துடைத்தாள். செம்மஞ்சள் சரளைக்கல். கரிசல் காட்டில் அப்படி ஒரு கல் தானாகக் கிடைக்காது.

வீட்டு வாசலில் வண்டியைத் திருப்பச் சொன்னாள்.

“இன்னொருக்கா.”

“போதும் மருதா. நாத்துப் பாவம்.”

“நாத்து நட்டவிய பாவம் பாக்கலீங்க. ஓட்டுங்க.”

மறுபடி போனார்கள். மறுபடி வந்தார்கள். நாற்று ஒன்றுகூட நிற்கவில்லை. சரளை தடம் நெடுகக் கொத்துக் கொத்தாக மேலே வந்து கிடந்தது. கடைசித் தடவை சென்னிமலை நின்ற இடத்துக்கு நேராக வண்டியை நிறுத்தச் சொன்னாள். எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. தொட்டியில் இருந்தபடியே கையை நீட்டி அந்தக் கல்லை வரப்பில் அவர் காலடியில் வைத்தாள். அவர் பாதங்கள் அன்றைக்குப் போலவே காய்ந்திருந்தன.

“மாமா, கல்லு எங்கியும் ஓடிப்போயிரலீங்க.”

சென்னிமலை காலால் கல்லைச் சேற்றுக்குள் தள்ளினார். அது மேலேயே கிடந்தது.

மறுநாள் கமிஷன் பத்து மணிக்கு வருவதாக இருந்தது. சித்தூரிலிருந்து வாடகைக் காரில் வந்ததால் எட்டரைக்கே வந்துவிட்டார். தடத்தில் சென்னிமலையும் அவர் மனைவி கமலாத்தாளும் ஆளுக்கொரு கூடையுடன் குனிந்து சரளை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கால்வாசித் தூரம்தான் ஆகியிருந்தது. என்ன பொறுக்குகிறீர்கள் என்று கமிஷன் கேட்டார். கல்லு என்றார் சென்னிமலை. வயலில் ஏது கல் என்று கேட்டார். சென்னிமலை கூடையைக் கீழே வைத்தார். முழங்கால்வரை சேறு அப்பியிருந்தது. மருதாத்தாள் தன் வாசலில் நின்று அந்தக் கால்களைப் பார்த்தாள். கமிஷன் ஓர் ஆளை விட்டு நாலு இடத்தில் தோண்டச் சொன்னார். நாலிலும் சரளை இருந்தது. அகலம் அளந்து எழுதிக்கொண்டார். இளநீர் வேண்டாம் என்றார்.

மத்தியானம் அவர்கள் கொழிஞ்சாம்பாறைக்குப் போனார்கள். செங்கோட்டையன் பட்டன் டயரைக் கழற்றிக் கோடு டயரை மாட்டினார். கட்டைகளுக்கு இடையில் சேறு காய்ந்து இறுகியிருந்தது. அதை அரிவாள் நுனியால் அவர் நோண்டி எடுத்தார். ஒரு சின்னச் சரளை தரையில் விழுந்தது. மருதாத்தாள் அதை எடுக்கவில்லை. டீ குடித்துவிட்டு, மூன்று மணிக்குச் சரளை மேலே வந்து கிடந்த தடத்தின் வழியாகவே வீடு திரும்பினார்கள்.