எரிந்து விழாத ஸ்கிரிப்ட்

என் சித்தப்பாவுக்குத் திட்டு வாங்கத் தெரியாது. வீட்டில் மற்ற எல்லாரும் வாங்கி வாங்கித் தோல் தடித்துப்போன கூட்டம். பள்ளிக்கூடத்தில் என் பேரை நீக்கிய அன்றுகூட நான் ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு பிடி குறைக்கவில்லை. சித்தப்பா அப்படியில்லை. யாராவது குரலை உயர்த்தினால் செருப்பைத் தேடுவார். அப்பா சத்தம் போட்டால் மொட்டைமாடி. சித்தி சத்தம் போட்டால் கடைத்தெரு. அவர் தலையணை உறைக்குள் நான் ஈரத் துணி வைத்தபோதும், “யாருடா இது” என்றுகூடக் கேட்காமல் பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவரிடம் வால் ஆட்டுவதை விட்டுவிட்டேன். பாவம்.

ஒரு பயிற்சி மையத்தில் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. தூசி தட்டுவது, எலி கடித்த ஒயரை மாற்றுவது, படுத்துவிட்ட பெட்டிக்கு மறுபடி சிஸ்டம் ஏற்றுவது. ஏற்றுவதற்கு அவரே ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தார். ஸ்கிரிப்ட் என்றால் பெட்டிக்கு வரிசையாகக் கொடுக்கும் கட்டளைகள். ஹார்ட் டிஸ்க் என்கிற தட்டைத் துடை, ஃபைல்களைக் கொண்டுபோய் வை, கடைசியாக பூட் லோடரைப் போடு. சுவிட்சைத் தட்டியதும் முதலில் கண் விழித்து மற்றவர்களை எழுப்புகிற சின்னப் புரோகிராம்தான் பூட் லோடர். அது இல்லாவிட்டால் உள்ளே எல்லாம் இருந்தும் பெட்டி பிணம்.

கட்டளை தப்பாகப் போனால் கம்ப்யூட்டர் திரை முழுக்க எரிந்து விழும். சித்தப்பாவுக்கு அதுவும் ஆகாது. பிழைச் செய்தி எது வந்தாலும் சத்தமில்லாமல் விழுங்கிவிடு என்று ஒவ்வொரு வரிக்கும் ஒரு வாலை ஒட்டிவிட்டார். என்ன நடந்தாலும் முடிவில் ஒன்றே ஒன்று வரும்: ‘எல்லாம் நல்லபடியா முடிஞ்சது.’

மையத்துக்குப் புதுப் பெட்டிகள் வந்தன. அவற்றில்தான் அரசு வேலைக்கான தேர்வு. சித்தியும் எழுதுகிறாள். அடுத்த தடவைக்கு வயது தாண்டிவிடும், இதோடு சரி. சித்தப்பா முந்தின நாளே எல்லாப் பெட்டிக்கும் சிஸ்டம் ஏற்றினார். எல்லாம் நல்லபடியா முடிஞ்சதென்று ஒவ்வொன்றும் சொன்னது. அணைத்துவிட்டு வந்துவிட்டார். அதை எழுதி வைத்ததே தான்தான் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது.

காலையில் சுவிட்சைப் போட்டால் அத்தனையும் கறுப்பு.

“எத்தனை ஓடுது?” என்றார் தேர்வு மேற்பார்வைக்கு வந்திருந்த அதிகாரி அம்மா.

“ஒண்ணும் ஓடல மேடம். இப்ப வந்துரும்.”

“எது வரும்? தேர்வு முடியற நேரமா?”

வராந்தாவில் சித்தி கண்ணாடிக் கதவில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றாள். துணைக்கு நான்.

“ஏண்டா அவரு கையக் கக்கத்துல வெச்சிக்கிட்டு நிக்கறாரு?”

“ஏசி குளிரு சித்தி.”

“ஏசியே போடலடா.”

உள்ளே ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டினார். நல்லபடியா முடிஞ்சது. அணைத்துப் போட்டார். கறுப்பு. இன்னொரு தடவை. அதே நல்லபடி, அதே கறுப்பு. அப்புறம் உட்கார்ந்து, ஒட்டியிருந்த வால்களை ஒவ்வொன்றாக வெட்டினார். ஓட்டினார். அதுவரை விழுங்கியதையெல்லாம் திரை கக்கியது. சித்தப்பா பாதி எழுந்தார். கால் கதவுப் பக்கம் திரும்பியது. கதவில் சித்தியின் முகம். மறுபடி உட்கார்ந்து படித்தார்.

மற்ற வரிகளில் தட்டின் பெயரைக் கேட்டு வாங்கும்படி எழுதியவர், பூட் லோடர் வரியில் மட்டும் பழைய பெட்டியின் தட்டுப் பெயரையே அடித்து வைத்திருந்தார். அந்தப் பெயரில் இங்கே தட்டே கிடையாது. மாற்றினார். உடனே அடுத்த வசவு: பூட் லோடர் குடியிருக்க வேண்டிய பகுதியைத் திறப்பதற்கு முன்பே உள்ளே போகச் சொல்லியிருக்கிறார். இரண்டு வரிகளை இடம் மாற்றினார். முதல் பெட்டி விழித்தது.

அதற்குள் தேர்வு நேரம் தொடங்கிவிட்டது. “பெட்டி வந்தவங்க உட்காருங்க. முடியற நேரம் எல்லாருக்கும் ஒண்ணுதான், அப்ப தேர்வு தானா மூடிக்கும்” என்றார் அந்த அம்மா.

சித்தியின் இடம் கடைசி வரிசை. நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். சித்தப்பா நடுவில் நாலைந்து பேரைத் தாண்டி அவளிடம் ஓடினார்.

“சார், நாங்கல்லாம் ஆளாத் தெரியலையா?” என்றான் ஒருவன்.

திரும்பி வந்தார். அவன் பெட்டிக்கு முன் குனிந்தார். ஒரு பெட்டி விழிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை எடுத்துக்கொண்டே தீரும். கெஞ்சினாலும் குறையாது. சித்தி உட்கார்ந்தபோது முன்வரிசைக்காரர்கள் எழுதி முடித்துச் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்தவளிடம் நான்தான் கேட்டேன். “எவ்வளவு எழுதின சித்தி?”

“கணக்குப் பகுதியைத் தொடவே இல்ல.”

பஸ் நிறுத்தத்தில் ஆரம்பித்தாள். “முடிஞ்சதுன்னு நீங்களே எழுதி வெச்சு நீங்களே படிச்சிக்குவீங்களா? வீட்லயும் இதே கதைதான. எதக் கேட்டாலும் பாத்துக்கலாம், சரியாயிடும். ராத்திரி பகலா படிச்சேனே, அதுக்கு என்ன சொல்லப் போறீங்க? வாயத் தொறங்க.”

சித்தப்பா பஸ் வருகிற பக்கம் பார்த்தார்.

“ஒரு தடவ போட்டுப் பாத்திருந்தா என்ன? ஒரே ஒரு தடவ.”

பஸ் வந்தது. “சித்தி, சீட்டு காலியா இருக்கு” என்று நடுவில் புகுந்தேன். சித்தப்பா என் தோளைப் பிடித்து நிறுத்தினார். முகம் வெளுத்திருந்தது. ஆனால் காலில் இருந்த செருப்பு நகரவில்லை.

“அவ பேசட்டும்டா.”

சித்தி பேசினாள். அழுதுகொண்டே பேசினாள். அந்த பஸ் போய்விட்டது. அடுத்ததும் போனது.