எனக்கு ஒண்ணு கம்மி

போன வருஷம் மாசி மாதம். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலை வாசலில், கரும்பு ஏற்றிய டிராக்டரோடு வரிசையில் நின்றிருந்தேன். முன்னால் மாட்டு வண்டிகள், பின்னால் டிராக்டர்கள். வழக்கமாக அந்த வரிசையில் நாலு பேரைச் சிரிக்க வைக்கிற ஆள் நான். அன்றைக்கோ, சட்டைப் பையில் இருந்த போனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகளின் வயிற்றில் இருக்கும் குழந்தை நல்லபடியாக இருக்கிறதா, இல்லையா என்று அந்தப் போன்தான் சொல்ல வேண்டும்.

மகளை எலவனாசூர்கோட்டையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவளுக்கு இரண்டு முறை கரு தங்கிக் கலைந்துவிட்டது. மூன்றாவது முறை உண்டானதும், பாண்டிச்சேரியில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினார்கள். அவர் கணவன், மனைவி இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார். மனிதர்களுக்குக் குரோமோசோம் நாற்பத்தாறு இருக்குமாம். மாப்பிள்ளைக்குச் சரியாக இருந்தது. என் மகளுக்கு நாற்பத்தைந்து.

சேதி கேட்டதும் சம்பந்தியம்மா போன் போட்டார்.

"இன்னா சம்பந்தி, ஒண்ணு கம்மியாமே? பொண்ணு குடுக்கசொல்ல எண்ணிப் பாக்கலியா நீங்க?"

அவர் பேச்சே அப்படித்தான். ஆனால் அதில் பாதிதான் கேலி. மீதிப் பாதி என் மகள் அந்த வீட்டில் தினமும் கேட்க வேண்டிய குத்தல்.

"கம்மியா இருந்தா அது எங்க வூட்டம்மா பக்கத்துல இருந்து வந்ததா இருக்கும்" என்றேன். எங்கள் வீட்டில் அது எழுதாத சட்டம். நரைத்த முடி, சர்க்கரை வியாதி, மகளுக்குக் கணக்கு வராதது எல்லாமே என் மனைவி பக்கம்தான். மூக்கு ஒன்றுதான் என் பக்கம்.

மகளைப் பெற்ற எங்கள் ரத்தத்தையும் பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. நான்தான் முதலில் சட்டைக் கையை மடித்து நீட்டினேன். என்னைப் பார்ப்பது சும்மா ஒரு சம்பிரதாயத்துக்கு என்று நினைப்பு. முடிவு வந்தது. மனைவிக்கு நாற்பத்தாறு. எனக்கு நாற்பத்தைந்து.

"முப்பது வருஷமா நானும் சொல்லிக்கினுதான் இருக்கேன், உங்களுக்கு ஒண்ணு கம்மின்னு. யாரு கேட்டாங்க?" என்றாள் மனைவி. "இப்ப ஆஸ்பத்திரியிலயே அச்சடிச்சுக் குடுத்துட்டாங்க."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு படம் வரைந்து காட்டினார். ஒவ்வொரு குரோமோசோமிலும் ஓர் இடத்தில் இடுப்பு மாதிரி ஒரு முடிச்சு. அதற்கு சென்ட்ரோமியர் என்று பேர். அந்த இடத்தில் சில புரதங்கள் உட்கார்ந்திருக்கும். செல் இரண்டாகப் பிரியும்போது அந்தப் புரதங்களைப் பிடித்துத்தான் குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுக்குமாம். எனக்கு எதுவும் காணாமல் போகவில்லை. இரண்டு குரோமோசோம்கள் முடிச்சுப் பக்கம் ஒட்டி ஒன்றாகிவிட்டன, அவ்வளவுதான்.

"கட்டுறதுக்குத் தோகை பத்தலன்னா ரெண்டு கரும்புக் கட்டைச் சேத்து ஒரே கட்டாக் கட்டுவோமே, அந்த மாதிரியா?" என்றேன்.

"அதேதாங்க ஐயா. கட்டு ஒண்ணு கம்மி. கரும்பு கம்மி இல்ல."

ஒட்டிய பிறகு இரண்டு முடிச்சும் விழித்திருந்தால் ஆளுக்கொரு பக்கம் இழுத்து அறுத்துவிடுமாம். அதனால் பெரும்பாலும் ஒன்றிலிருந்து புரதங்கள் எழுந்து போய்விடும். அந்த முடிச்சு தூங்கிவிடும். ஆடு, மாடு, செடி, கொடி எல்லாவற்றிலும் இந்த முடிச்சு உண்டு. தலைமுறை தலைமுறையாக அது மாறும், அதன் மேல் உட்காரும் புரதமும் கூடவே மாறும், வேலை மட்டும் மாறாது என்றார். வெள்ளாட்டுக்கு அறுபது, செம்மறிக்கு ஐம்பத்து நாலு. செம்மறியின் முன்னோர்களுக்கு அப்படித்தான் சில ஒட்டிப்போயினவாம். நான் வளர்க்கிற கரும்புக்கே நூறுக்கு மேல் என்று கேட்டபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அந்தக் காலத்தில் ஏதோ ஒரு பெண் செம்மறி, ஒன்று குறைவாகப் பிறந்து, தன் மாமியாரிடம் என்ன பேச்சு வாங்கியதோ என்றும் தோன்றியது.

பிறகு டாக்டரம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டார். ஒட்டிய குரோமோசோமை வைத்திருப்பவருக்கு எந்தக் கெடுதலும் இல்லை. பிள்ளைக்குப் பங்கு பிரிக்கும்போதுதான் சில சமயம் ஒன்று கூடிப்போகும், இல்லை குறைந்துபோகும். அப்படி ஆனால் கரு நிற்காது. நின்றாலும் பெரிய கோளாறோடு பிறக்கலாம். மகளின் வயிற்றில் குழந்தையைச் சுற்றியிருந்த நீரை ஊசியில் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"தப்பா வந்துச்சுன்னா இன்னாப்பா பண்றது?"

எதைக் கேட்டாலும் ஒரு ஜோக் வைத்திருக்கிற ஆள் நான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இரண்டு முறை அவள் அழுதபோது "உடம்பைப் பாத்துக்கம்மா" என்று புத்தி சொன்னவனும் நான்தான். அவளுக்கு ஒட்டிப்போன அந்த முடிச்சைக் கொடுத்தவனும் நான்தான்.

ஆலை வரிசையில் நின்றபோது போன் அடித்தது. மகள்தான். "யப்பா" என்றாள். அப்புறம் அழுகைச் சத்தம் மட்டும். எஞ்சின் இரைச்சலில் வேறு ஒன்றும் கேட்கவில்லை. குதித்து இறங்கி, சத்தம் குறைவான பக்கமாக ஓடினேன். பின்னால் இருந்த டிராக்டர்காரர் ஹாரன் அடித்துக் கத்தினார்.

"யோவ், வரிசை நவுருது! வண்டிய எடுய்யா!"

"சொல்லும்மா, இன்னா ஆச்சு?"

"நாப்பத்தஞ்சுப்பா. கொழந்தைக்கும் நாப்பத்தஞ்சு. நம்ம மாதிரியே ஒட்டிக்கினு இருக்குதாம். பங்கு சரியா வந்துருக்கு, ஒண்ணும் பயமில்லன்னுட்டாங்க."

கரும்புச் சருகு மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியாத ஒரு சத்தம் வந்தது. கத்திக்கொண்டிருந்த டிராக்டர்காரர் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார்.

"இன்னா பெரியவரே, நெஞ்சு வலியா?"

"இல்லப்பா. பொறக்கப்போற பேரப்புள்ளைக்கு ஒண்ணு கம்மியாம்."

"அதுக்கு ஏன்யா சிரிக்கிற?"

என் தலையில் ஏதோ கம்மி என்று அவரும் முடிவு கட்டியிருப்பார். ஆனாலும் என்னை நிழலில் உட்கார வைத்து, தண்ணீர் குடிக்கச் சொல்லி, என் டிராக்டரையும் அவரே முன்னால் நகர்த்திவிட்டார்.

ஆடியில் பேத்தி பிறந்தாள். சம்பந்தியம்மா கை விரல், கால் விரல் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்கு சம்பந்தி. மூக்கு மட்டும் உங்களுது, அத்த இன்னா பண்றது?" என்றார். இந்த முறை அதில் முழுக்கவும் கேலிதான். என் மகளும் சேர்ந்து சிரித்தாள்.

இப்போதும் இரண்டு கட்டுகளை ஒன்றாகக் கட்டிய கரும்பை வண்டியில் ஏற்றும்போது, என்னை அறியாமல் அந்த முடிச்சை ஒரு தரம் இழுத்துப் பார்க்கிறேன். எந்தக் காலத்தில் எந்தப் பாட்டனுக்கு விழுந்ததோ தெரியாத ஒரு முடிச்சு, எனக்குள் சத்தமில்லாமல் தூங்கி, மகளை அழவைத்து, கடைசியில் அவிழாமல் பேத்தியிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று நினைத்தால், அதைக் குறை என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.