நம்ம ஊர் ஈ

எல்லைச் சாவடியில் பழம் நறுக்குவது அவள் உத்தியோகம். அடுத்த நாட்டு மலைத் தோட்டங்களிலிருந்து வரும் ஒவ்வொரு லாரியிலும் சில பெட்டிகளை இறக்கி, பிளம்ஸைக் கொட்டை வரை கீறி, புழு இல்லையென்றால் வண்டியை விடவேண்டும். லாரிக்காரர்களுக்கு அவள் பூச்சியம்மா. கை நீட்டிக் காசு வாங்கியதில்லை. இல்லாத புழுவை இருக்கிறது என்று சொன்னதுமில்லை. வீட்டிலும் எதையும் நறுக்கிப் பார்க்காமல் வாயில் வைக்கமாட்டாள். "நல்லவேளை, என்னை முழுசா கட்டிக்கிட்டா" என்பார் புருஷன்.

அந்த நாட்டு மந்திரி ஏதோ மாநாட்டில் நம் அரசை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டார். தடை என்று யாரும் அறிவிக்கவில்லை. மேலதிகாரி மட்டும் வந்து, "இனிமே எல்லாப் பெட்டியையும் பாருங்கம்மா. அவசரமே இல்ல" என்றார். மற்ற ஆட்களை வேறு வேலைக்கு மாற்றினார். மிஞ்சியது ஒரு மேசை, ஒரு கத்தி, அவள்.

அவளுக்கு வீம்பு. சாப்பாட்டைக்கூட மறந்து வெட்டித் தள்ளினாள். வெட்டிய பழங்கள் பின்னால் மலையாகக் குவிந்தன. அள்ளிக்கொண்டு போகவும் ஆள் இல்லை. லாரி வரிசை வெயிலில் நகராமல் நின்றது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டமாம். நாடு இரண்டுபட்டதில் ஈக்களுக்குக் கொண்டாட்டம்.

மாமன் தோட்டத்துப் பழத்தை வருஷா வருஷம் கொண்டுவரும் டிரைவர் பையன் தினமும் வந்து கேட்டான். "என் வண்டி எப்போக்கா?"

"வந்துடும் தம்பி. கொஞ்சம் பொறு."

அவன் முறை வந்தபோது பழம் கொழகொழத்திருந்தது. கீறினாள். வெள்ளையாக நெளிந்தது. அந்தக் குளிர் மலையில் இந்த ஈ பிழைக்கவே பிழைக்காது. அவள் குவித்த குப்பையில் பிறந்து, காத்துக்கிடந்த பழத்தில் முட்டையிட்டிருக்கிறது.

"புழு இருக்கா?" என்றார் மேலதிகாரி.

"இருக்கு சார். ஆனா இது நம்ம ஊர் ஈ வச்சது. நாம நிக்க வச்சதாலதான்…"

"அதுகிட்ட பாஸ்போர்ட் பாத்தீங்களா? இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

லோடு முழுவதையும் குழி தோண்டிப் புதைக்க உத்தரவாயிற்று. பையன் ஓடிவந்தான். "பொய்தானேக்கா? நீங்க சொல்லுங்க!"

"புழு இருக்கு தம்பி." மீதியைச் சொல்ல வாயெடுத்தாள். மேலதிகாரி பக்கத்திலேயே நின்றார். வாயை மூடிக்கொண்டாள். வேலை போய்விடுமே என்ற பயம்தான், வேறென்ன.

பையன் சண்டை போடவில்லை. "நீங்களே சொல்லிட்டா அப்புறம் என்னக்கா" என்று ஃபோனை எடுத்தான். "மாமா, நம்ம பழத்துல புழுவாம். இல்ல மாமா, பூச்சியம்மாவே சொல்லிட்டாங்க. அவங்க பொய் சொல்லமாட்டாங்க. மரத்துலதான் வியாதி. பரவறதுக்குள்ள வெட்டிடுங்க."

அவள் கத்தியை மேசையில் போட்டுவிட்டு, மேலதிகாரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஃபோனைப் பிடுங்கினாள்.

"அண்ணா, மரத்துல கை வைக்காதீங்க. புழு எங்களோடது."