வெறும் வயிற்று டெஸ்ட்

வெறும் வயிற்றில் சுகர் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று மனைவியிடம் பொய் சொல்லிவிட்டு, மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு பஸ் ஏறினேன். படுக்கையில் என் உடம்பு ஒத்துழைக்காமல் ஆறு மாதமாகியிருந்தது. மாத்திரை கிடைக்கும் என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்கிருந்த மனநல ஆலோசகர் உடம்பைப் பற்றியே பேசவில்லை.

"அந்த நேரத்துல எதுக்குங்க பயப்படறீங்க?" என்று கேட்டார்.

"தோத்துட்டேன்னு அவ நெனச்சிருவாளோன்னுதாங்க."

"அவங்ககிட்ட சொல்றதும் மறைக்கறதும் உங்க இஷ்டம். ஆனா மறைச்சா அதுக்கும் நீங்கதாங்க பொறுப்பு."

இதற்கு மாத்திரையே தேவலாம் போலிருந்தது. திரும்பும் வழியெல்லாம் அவளிடம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தேன்.

வாசலிலேயே மனைவி நின்றிருந்தாள். "நாலு இட்லி தின்னுட்டு யாருங்க வெறும் வயித்து டெஸ்டுக்குப் போவாங்க?" என்றாள். குரல் நடுங்கியது. "என்னைப் புடிக்கலைன்னா நேரா சொல்லிருங்க."